சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுத்தான். மறதியும் வந்துவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கவே கூசுகிறவள் நான். கல்யாண வீட்டுக்குப் போனால் அடுப்படிப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்படிப்பட்டவள் பெயர் உலகமே பார்க்கிற ஓர் இடத்தில் ஏறியிருக்கிறது. அது எப்படி ஏறியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது காரைக்குடிப் பக்கம் மானகிரியில். என் வீட்டுக்காரர் கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவர். இப்போது அவர் இல்லை. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீட்டில் நானும் மருமகளும். அவள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். சாயங்காலம் கம்பெனி வேலை முடிந்தாலும் கம்ப்யூட்டரை மூட மாட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய சொந்த வேலை ஆரம்பிக்கும்.

அந்தச் சொந்த வேலை என்னவென்று எனக்கு விளங்கவே ரொம்ப நாளானது. எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். இன்டர்நெட் வாங்குகிற பெட்டிகள் இருக்கின்றன அல்லவா, அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு இருக்கும். அதில் நெட் ஒயரோடு பேசுவதற்கென்றே ஒரு சில்லு உண்டு. அந்தச் சில்லுக்கு எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற எழுத்துக்கு டிரைவர் என்று பெயர். ஒருவகைச் சில்லைச் செய்த கம்பெனி, போதும் என்று கையை விட்டுவிட்டது. பெட்டிகளோ ஊர் ஊராகக் கிடக்கின்றன. உள்ளே இருக்கிற மென்பொருளைப் புதுசாக்கினால் நெட் வராது, புதுசாக்காவிட்டால் கள்ளன் புகுந்துவிடுவான். அதனால் நல்ல பெட்டிகளையெல்லாம் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்கிற ஒரு பட்டறையிலிருந்து அப்படி ஒரு பெட்டியை மருமகள் கேட்டு வாங்கி வந்தாள். திறந்தால் உள்ளே ஒரு பிடி சிமெண்டுத் தூசி. அதைத் தட்டித் துடைத்து வைத்துக்கொண்டு அந்தச் சில்லுக்கு அவளே டிரைவர் எழுத ஆரம்பித்தாள்.

எழுதினால் மட்டும் போதாதாம். உலகத்தில் பல தேசத்துக்காரர்கள் சேர்ந்து எழுதுகிற பெரிய மென்பொருள் ஒன்று இருக்கிறது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. அதற்குள் இவளுடைய டிரைவரையும் சேர்த்துக்கொண்டால்தான் எல்லாப் பெட்டிக்கும் போய்ச் சேரும். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர் ஏதோ ஒரு குளிர்தேசத்தில் இருக்கிறார். இவள் எழுதியதை எல்லோரும் பார்க்க அனுப்புவாள். அவரும் எல்லோரும் பார்க்க, இது சரியில்லை, அது சரியில்லை என்று பதில் போடுவார். முதல் தடவை திருப்பிவிட்டார். திருத்தி அனுப்பினாள். மறுபடியும் திருப்பிவிட்டார். சபையில் வைத்துப் பிழை சொல்கிற மாதிரி இருக்கிறதே, எப்படித் தாங்குகிறாய் என்று கேட்பேன். அவளோ, பிழையைச் சொன்னால்தானே திருத்த முடியும் என்பாள்.

எதிர்வீட்டுக்காரிக்கு இதெல்லாம் நல்ல தீனி. "கேட்டீகளா மதினி, உங்க மருமக சம்பளமில்லாம ஊரு உலகத்துக்கு உழைக்கிறாகளாமே. எங்க வீட்லயும் ரெண்டு பாத்திரம் கெடக்கு, வந்து தேய்க்கச் சொல்லுங்க" என்றாள் ஒரு நாள், தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது தடவை வந்த பதிலைப் படித்துவிட்டு மருமகள் சாப்பிடாமல் எழுந்து போனாள். எழுத்தில் இனிக் குறையில்லை என்று சொல்லிவிட்டாராம். ஆனால் இந்த டிரைவரை அவளைத் தவிர ஒருவராலும் ஓட்டிக் காட்ட முடியவில்லை. எழுதியதைப் பெட்டிக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றிக் கட்டுவதை பில்டு என்பார்கள். வேறு தேசத்தில் இரண்டொருவர் முயன்று பார்த்து, பில்டு பாதியில் நின்றுபோனது என்று மட்டும் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இவள் கம்ப்யூட்டரில் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஓடியது. இன்னொரு ஆள், இன்னொரு கம்ப்யூட்டரில், எழுதிக் கொடுத்திருக்கிறபடியே செய்து ஓட்டிக் காட்ட வேண்டும், அதுவரை சேர்க்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தப் பழைய போர்டு கையில் இருந்து, நேரமும் இருக்கிற ஆளுக்கு எங்கே போவது? ஒரு வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்து எழுதியது. இதுவும் நடக்கவில்லை என்றால் விட்டுவிடப் போகிறேன் என்று மகனிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காரியம் ஆகவேண்டும் என்றால் அவள் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாறிவிடும்.

"அத்தை, நீங்க செஞ்சு பாக்குறீகளா?"

"என்னத்தைத்தா?"

"பில்டுதான். உங்க மகன் இங்க விட்டுட்டுப் போன லேப்டாப்ப உள்ள ஒண்ணுமில்லாமச் சுத்தமாத் தொடச்சு வச்சுட்டேன். எப்படிச் செய்யணும்னு தாள்ல எழுதியிருக்குறத அப்படியே அடிக்கணும், அம்புட்டுத்தான்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. படிச்ச பிள்ளைகள் எத்தனையோ பேர் காரைக்குடியில் இருக்கிறார்களே, அவர்களைக் கேள் என்றேன்.

"படிச்சவுகளுக்குக் கை தானா ஓடும் அத்தை. தாள்ல இல்லாததையும் தெரிஞ்சு செஞ்சுபுடுவாக. எனக்கும் அப்படித்தான். உங்க கைக்கு ஒண்ணுமே தெரியாது பாருங்க, அதுதான் வேணும்."

இது புகழ்ச்சியா பரிகாசமா என்று யோசித்துக்கொண்டே, வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்ற ஒரே நிபந்தனையில் சம்மதித்தேன்.

வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நான் செய்து முடிக்கிறவரை அவள் பக்கத்தில் வரக் கூடாது, வாய் திறக்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். இங்கிலீஷ் எழுத்துகள் எனக்குத் தெரியும், பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு. தாளில் ஓர் எழுத்தைப் பார்த்து, பொத்தான் பலகையில் அதைத் தேடி, ஒற்றை விரலால் தட்டி, மறுபடியும் தாளுக்கு வருவேன். எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டிருந்தால் நானும் விட்டேன். புள்ளி இருந்தால் புள்ளி. ஒரு வரி முடிந்ததும் பெரிய பொத்தானை அழுத்தினால் திரை முழுக்க எழுத்து மழையாகக் கொட்டும். முதல் தடவை நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். அப்புறம் பழகிவிட்டது. கொட்டி ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தேன்.

பாதியில் சிவப்பு எழுத்து வந்து நின்றது. நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று எழுந்தேன். அடுப்படி வாசலில் போய் நின்று, நின்றுபோச்சுத்தா என்றேன். கரண்டியும் கையுமாக ஓடி வந்தவள் திரையைப் பார்த்தாள். நான் அடித்த வரிகளையெல்லாம் மேலே தள்ளித் தள்ளித் தாளோடு ஒப்பிட்டாள். ஒரு எழுத்துகூட நான் பிசகவில்லை. அவள் முகம் மாறியது. கரண்டியை மேஜைமேல் அப்படியே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, நான் கோபுரத்தைச் சொல்லாம விட்டுட்டேன்."

இதை நான் விளக்கியாக வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் வெள்ளைப் பணியாரம் எப்படிச் செய்வது என்று கேட்டாள். உழக்குப் பச்சரிசி, அதுக்கு மேல உளுந்து, ஊற வச்சு அரை என்று சொல்லிவிட்டு நான் கோயிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பணியாரம் கல்லாக இருந்தது. அரிசியைத் தலை தட்டி அளந்து, அதே உழக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். இவள் அரிசிமேல் உளுந்தில் நாலு மணியை மட்டும் தூவியிருக்கிறாள். இந்தச் சீமையில் யாருக்கும் கோபுரம் என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, கை பார்த்தே வந்துவிடும். பொள்ளாச்சிப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதிலிருந்து, யாராவது எதையாவது சொல்ல மறந்தால் எங்கள் வீட்டில், கோபுரம் விட்டுப்போச்சு என்போம்.

அவள் விட்ட கோபுரம் ஒரு சின்னக் கருவி. போர்டில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்கிற வரைபடத்தைப் பெட்டியின் பாஷைக்கு மாற்றுகிற கருவியாம். வேறு ஏதோ வேலைக்காக எப்போதோ அவள் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கிறாள். அது இருப்பதே அவளுக்கு மறந்துபோனது. மகன் லேப்டாப்பில் அது இல்லை. வெளிநாட்டுக்காரர்களிடமும் இருந்திருக்காது. அன்று குழம்பு தீய்ந்து வாசம் வந்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் அடுப்பு ஞாபகம் வந்தது.

தாளில் அந்தக் கருவியைப் பற்றிச் சேர்த்து எழுதினாள். பில்டு ஆரம்பிக்கும்போதே, இது இல்லை, முதலில் இதைப் போடு என்று கம்ப்யூட்டரே சொல்கிற மாதிரியும் செய்தாள். பிறகு லேப்டாப்பை மறுபடியும் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தாள். நான் முதல் எழுத்திலிருந்து மறுபடியும் தட்டினேன். இந்தத் தடவை மழை கொட்டி முடிந்து, சிவப்பு வராமல் அமைதியாக நின்றது. வந்ததை மெமரி கார்டில் ஏற்றி, கார்டைப் போர்டில் சொருகி, நெட் ஒயரை மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

ஒயர் வாயில் பச்சை விளக்கு எரிந்தது.

தாளில் கடைசியாக இருந்த வரியை அடித்தேன். பதில் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்துகொண்டே இருந்தது. நான் கூப்பிடுகிறேன், அது 'ஏன்' என்று குரல் கொடுக்கிறது. ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி சொருகிப் பார்க்கவும் எழுதியிருந்தது. அதுதான் கம்பெனிக்காரன் விட்டுப்போன பழைய டிரைவரின் பெரிய வியாதி, ஒருமுறை பிடுங்கினால் அப்புறம் எழுந்திருக்காது. பிடுங்கினேன், விளக்கு அணைந்தது. சொருகினேன், எரிந்தது, பேச்சும் திரும்பியது. தாளில் ஒரு தடவைதான் போட்டிருந்தது. நான் சந்தோஷத்தில் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தேன், அவள் வந்து கையைப் பிடிக்கிற வரைக்கும்.

வெற்றி என்று நினைத்தால், அடுத்து வந்தது என் தலைமேல். அவர்கள் வழக்கத்தில், யார் சோதித்துப் பார்த்தார்களோ அவர்கள் பெயரைச் சோதித்தவர் என்று டிரைவரோடு சேர்த்து எழுத வேண்டும். பெயர் நிஜமாக இருக்க வேண்டும், அந்த ஆள் சம்மதிக்க வேண்டும். ஒருமுறை ஏறினால் எந்தக் காலத்திலும் அழியாதாம். வீட்டுப் பொம்பளை என்று போட்டுக்கொள், பெயர் வேண்டாம் என்றேன். அப்படிப் போட முடியாது என்றாள். கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் வீட்டுக்காரர் பெயருக்குப் பின்னால்தான் வரும். நாங்கள் கட்டிய வீட்டு வாசல் கல்லில் அவர் பெயரும் மகன் பெயரும் இருக்கின்றன. என் பெயர் மட்டும் தனியாக எங்கேயும் ஏறியதில்லை. ஆனால் அவள் எழுதினது குப்பைக்குப் போவதைவிட என் பெயர் சந்திக்கு வருவது பெரிய நஷ்டமில்லை என்று தோன்றியது. போடு என்றேன்.

சோதித்தது என் மாமியார், கம்ப்யூட்டர் தெரியாதவர், தாளைப் பார்த்து மட்டும் செய்தார் என்று மறைக்காமல் எழுதி அனுப்பினாள். குளிர்தேசத்துக்காரர் கேட்டார்: ஒயரைப் பிடுங்கிச் சொருகிய பிறகு வந்ததா? சோதித்தவரே சொல்லட்டும். மருமகள் எழுதிக் கொடுத்தால் அது அவள் வார்த்தை ஆகிவிடும். போனை வாங்கித் தமிழில் நானே தட்டினேன்.

"பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. சொருகினேன். விளக்கு வந்தது. பேசியது. பல தடவை செய்தேன். எல்லாத் தடவையும் வந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள். ஒயரைப் பல தடவை பிடுங்கியதைத் தவிர, தாளில் இல்லாதது எதுவும் செய்யவில்லை."

அவள் அதை அப்படியே வைத்து, கீழே இங்கிலீஷில் மாற்றி எழுதி அனுப்பினாள். அந்தப் பதில் வருகிறவரை நான் பட்ட பாடு மகன் பரீட்சை எழுதியபோதுகூடப் பட்டதில்லை. வந்தது இரண்டே வரி. இதைவிட நல்ல சோதனையை நான் பார்த்ததில்லை என்று ஒரு வரி. சேர்த்துக்கொண்டேன், நன்றி என்று அடுத்த வரி. மருமகள் படித்துச் சொல்லிவிட்டு, அத்தை என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு ஓடிப்போய்த் தெருவில் நிற்க வேண்டும்போல இருந்தது, வாழ்நாளில் முதல் தடவையாக.

நின்றேன். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு நானே போனை நீட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இதுல எங்குட்டு மதினி உங்க பேரு?" என்றாள். காட்டினேன். "பாத்திரம் தேய்க்கிறதுன்னா சொல்லு, நாங்க ரெண்டு பேருமே வாரோம்" என்றேன். அவளுக்கு என் வாயிலிருந்து இது வந்தது புதுசு. சிரித்துவிட்டாள். மகன் போனில், "ஆத்தா, நான் இஞ்சினியர், எம் பேரு இன்னும் இதுல ஏறல" என்று குறைப்பட்டான். ஆத்தங்குடிப் பெட்டியைப் புது மென்பொருளோடு பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். இன்றைக்கும் அங்கே அதுதான் ஓடுகிறது.

எனக்கு ஞாபகம் இருக்கிற மட்டில் எழுதிவிட்டேன். கருவி விட்டுப்போனதையும் பில்டு சமாச்சாரத்தையும் நான் புரிந்துகொண்டபடி சொல்லியிருக்கிறேன். தப்பு இருக்கலாம். எங்கேயாவது கோபுரத்தைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது, என் கை பாட்டுக்கு எழுதியிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லுங்கள். எல்லோரும் பார்க்கவே சொல்லலாம், இப்போது எனக்கு அது பழகிவிட்டது. சொல்கிறவர்கள் உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், கீழே போட வேண்டும்.