ஏரித் தண்ணீரும் எல்லாத் தேசத்துச் சட்டமும்

ஆந்திரம் பிரிந்து, எல்லை எங்கே என்று இரண்டு ராஜ்யங்களும் இழுபறியில் இருந்த காலம். சித்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். நாள் முழுக்க எல்லை மனுக்கள். எழுதி எழுதி விரல் காய்த்துப்போய், மனுக்காரர்களைக் கண்டாலே எரிச்சல் வரும்.

நகரிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். எல்லைக்கோடு அவர் வயலுக்கும் ஏரிக்கும் நடுவில் விழும்போல் இருந்தது.

"கோடு எங்கனா போவட்டும் ஐயா. தண்ணி வரணும், அவ்ளோதான்."

அந்த ஏரியில் இரு கரையிலும் உள்ள இரண்டு ஊருக்கும் முறை உண்டாம். கரையில் குச்சி நட்டு, நிழல் ஓரடி நகரும்வரை ஒரு வயலுக்குத் தண்ணீர். தகராறு வந்தால் இரண்டு ஊரும் அங்கேயே உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளும். வக்கீல் அதை அப்படியே எழுதச் சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார்.

அவர் மேஜையில் உலக நாடுகளின் சபை ஒன்று போட்ட புத்தகம் கிடந்தது. பல தேசங்களில் ஓடும் ஆறு யாருக்கு என்று சட்டம் செய்கிறார்களாம். வரைவு எழுதி எல்லாத் தேசத்துக்கும் அனுப்புவது, ஆட்சேபம் வாங்குவது, திருத்துவது, மறுபடி அனுப்புவது. படித்த மிதப்பில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. குச்சியும் நிழலுமா ஆதாரம்? எழுதியிருந்த அதை அடித்துவிட்டு, வரைவிலிருந்து ஒரு பக்கத்தை மனுவில் இறக்கினேன்.

படித்துக் காட்டியபோது விவசாயி கேட்டார்: "இத்த எல்லாரும் ஒத்துக்கினாங்களா ஐயா?"

"ஒத்துப்பாங்க" என்றேன். வக்கீலும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

விசாரணையில் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டார்கள். அது இன்னும் சட்டமே ஆகவில்லை. கோடு விழுந்தது; ஏரி எல்லைக்கு அப்பால் போனது. பழைய முறைக்கு எழுத்தில் ஏதாவது உண்டா என்று அக்கரை அதிகாரி கேட்டார். இருந்திருக்கக்கூடிய ஒரே எழுத்தை நான்தான் அடித்திருந்தேன். மதகு மூடியது மூடியதுதான்.

பிறகு அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். இரு தரப்பும் நெடுங்காலம் ஒத்து நடந்த வழக்கமும் சட்டம்தான் என்று அதிலேயே போட்டிருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டது நான், மூழ்கியது அவர். வெட்கமாக இருந்தது. அவரிடம் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை.

சில வருஷம் கழித்து திருப்பதி மலையேற, அடிவாரத்து அலிபிரிக்குப் போனேன். சுமை தூக்குகிறவர்களோடு அவர் நின்றிருந்தார். நிலம் தரிசாகிவிட்டதாம். என் மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். கூலி பேசப் போனேன்.

"உங்க கையில கூலியா? எங்களுக்கோசரம் அவ்ளோ எழுதினீங்களே ஐயா" என்று படியேறத் தொடங்கினார்.

சொல்லிவிட வாயெடுத்தேன். சொல்லாமலே அவர் பின்னால் ஏறினேன்.