பவுடர் வாடை அடித்த சிறுகிழங்கு

1. வெத்தலை போடாதவள்

சங்கரன்கோவில் மார்க்கெட்டில் ஒரு கிழங்குக் கமிஷன் கடைக்கு வேலை கேட்டுப் போன அன்று முதலாளி என்னிடம், "வெத்தல போடுவியா?" என்று கேட்டார்.

"மாட்டேன்."

"மூக்குப்பொடி?"

"அய்யே! அந்தக் கருமமெல்லாம் கெடையாது."

"அப்பச் சரி. அடுப்பப் பத்தவை" என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. விவசாயி கொண்டுவரும் ஒவ்வொரு லோடிலும் ஒரு கைப்பிடி சிறுகிழங்கை எடுத்து வேகவைத்து, தின்று பார்த்து, ருசி எப்படி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏலம். திங்கிறதுக்குச் சம்பளமா என்று எங்கள் தெருவே சிரித்தது. கெட்ட கிழங்கும் இதே வாய்க்குள்தான் போகும் என்று அவர்களுக்கு என்ன தெரியும்!

சிறுகிழங்குக்குச் செம்மண்தான் ருசி. அடியுரம் தொழுவுரமாக இருக்க வேண்டும். யூரியாவை அள்ளி வீசினால் கொடி தளதளவென்று நிற்கும், கிழங்கு சவசவவென்று இருக்கும். பறிப்பதற்கு முன்னால் தண்ணீரை நிறுத்திக் கொடியை வாடவிட வேண்டும். ஆனால் பொங்கலுக்கு முந்தி வரும் கிழங்குக்குத்தானே விலை? அந்த அவசரத்தில் பச்சைக் கொடியிலேயே பிடுங்கிக்கொண்டு வருவார்கள். அதையெல்லாம் ஒரு கடியில் சொல்லிவிடுவேன்.

2. வேலுச்சாமியின் லோடு

வேலுச்சாமி இளையரசனேந்தல் பக்கத்து ஆள். மழையை நம்பிக் கரிசலில் கம்பும் பருத்தியும் போட்டு வெறுத்துப்போய், பெண்டாட்டி காளியம்மாளோடு சிவகிரிப் பக்கம் வந்து ஒரு கிணற்றுத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். இந்த வெள்ளாமை எடுபட்டால் தோட்டம் அவர் கையில் நிற்கும். இல்லையென்றால் நிலக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார். இதை மார்க்கெட்டில் டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லாரிடமும் சொல்லியிருந்தார், பாவம்.

அந்த வருஷம் முதல் லோடு அவருடையதுதான். பூச்சிக்கடி இல்லாமல் நெல்லிக்காய் கணக்காக உருண்டு திரண்ட கிழங்கு. ராஜபாளையம் வியாபாரிகள் சாக்கைச் சுற்றி நின்றுவிட்டார்கள். நான் வேகவைத்து ஒன்றை உரித்து வாயில் போட்டேன். மாவுக்குக் குறையில்லை. ஆனால் பூஞ்சை பிடித்த பழைய சாக்கை மோந்ததுபோல் ஒரு வாடை தொண்டையில் ஏறியது. துப்பினேன்.

"மொதலாளி, மருந்து வாட அடிக்கி."

முதலாளியும் தின்று பார்த்துத் துப்பினார். வேலுச்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "எக்கா, நீ ஒருத்தி சொன்னா ஆச்சா? கெழங்கப் பாரு, தங்கமால்லா கெடக்கு!"

"வீட்டுல வேகவச்சுப் பாக்கலையா வே?" என்று முதலாளி கேட்டார்.

"எங்க பக்கம் பொங்கலுக்குச் சாமிக்குப் படைக்காம புது வெள்ளாமைய வாயில வைக்கமாட்டோம்."

"நல்லாருக்கு வே நியாயம்! நீரு திங்காம ஊரத் திங்கச் சொல்லுதீரா?"

வேலுச்சாமி கையை நீட்டவே இல்லை. காளியம்மாள்தான் முன்னால் வந்து என் தட்டிலிருந்து ஒரு கிழங்கை எடுத்தாள். வாயில் போட்டவள் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கண் கலங்கி நின்றாள்.

"அந்தப் பவுடருதான்" என்றாள். "நாந்தான பொட்டி பொட்டியாத் தூவுனேன். எனக்குத் தெரியாதா இந்த வாட?"

வேர்ப்புழுவுக்கு என்று நடவுக்கு முன் மண்ணில் பி.எச்.சி. பவுடரைப் போட்டிருக்கிறார்கள். கூடப் போட்டால் கூடக் கேட்கும் என்று மருந்துக் கடையில் சொன்னார்களாம். புழு செத்தது என்னவோ நிஜம். ஆனால் கிழங்கு அந்த மண்ணுக்குள்ளேயே கிடந்து பருத்ததல்லவா?

ஒரு சாக்குகூட விற்கவில்லை. மாட்டுக்குக்கூடப் போடப் பயந்து வழியில் கொட்டிவிட்டுப் போனார்கள்.

3. துண்டில் முடிந்த கிழங்கு

நிலக்காரர் காலைப் பிடித்து இன்னும் ஒரு வெள்ளாமைக்குத் தவணை வாங்கினார் வேலுச்சாமி. மறுவருஷம் மார்கழியில் தனியாக வந்தார். முகத்தில் சதையே இல்லை. காளியம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாளாம். துண்டில் முடிந்து கொஞ்சம் கிழங்கு கொண்டுவந்திருந்தார்.

"இந்தத் தடவ பவுடரத் தொடல எக்கா. வெறும் தொழுவுரம். தண்ணியையும் நேரத்துக்கு நிறுத்திட்டேன். நீ பாத்துச் சொல்லு, பறிச்சிருதேன்."

அடுப்புப் பக்கத்திலேயே குத்தவைத்துப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கரலிங்க சாமியே, இந்த ஒரு பானையைக் காப்பாற்று என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

ஒன்றை உரித்துத் தின்றேன். இரண்டாவதும் தின்றேன்.

"வாட கொறஞ்சிருக்கு" என்றேன்.

"இருக்கா, இல்லையா?"

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை நம்பி அவர் தோட்டம் முழுக்கப் பறித்து, லாரி வாடகை கொடுத்து இங்கே கொண்டுவருவார். வியாபாரி துப்புவான்.

"இருக்கு அண்ணாச்சி."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக உரித்துத் தின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

"எனக்குத் தெரியலயே எக்கா. நல்லாத்தான இருக்கு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். தை பிறப்பதற்குள் தோட்டம் கைமாறியது. இரண்டு பேரும் செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பவுடரைப் பின்னாளில் அரசாங்கமே தடை செய்தது. அதற்குப் பதில் இப்போது வேறு வேறு மருந்து வருகிறது. கிழங்கு போடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மருந்துக் கடையில் ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்கிறீர்கள். மண்ணில் எத்தனை வருஷம் கிடக்கும் என்றும் கேளுங்கள். வேலுச்சாமி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், பதில் தெரிந்த ஆள் அந்தக் கடையில் இருந்திருக்கமாட்டான்.