பூட்டிய வீட்டுக் கம்ப்யூட்டர்

கம்பைநல்லூரில் ஒரு சந்து வீட்டில் உட்கார்ந்து கலைமதி வீட்டு பிளான் வரைந்து கொடுப்பாள். அரூர், மொரப்பூர் பக்கத்து இன்ஜினியர்கள் அளவுகளை அனுப்புவார்கள். அவள் கம்ப்யூட்டரில் வரைந்து திருப்பி அனுப்புவாள். கணவன் அர்ச்சுனன் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். விடாத தலைவலிக்காக இரண்டு வருடத்துக்கு முன்னால் சேலத்தில் ஸ்கேன் எடுத்தபோது, அவன் மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், கவனித்துக்கொண்டே இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் கையிலிருந்து டம்ளர் நழுவினால்கூட அவள் நெஞ்சு திக்கென்றது.

ஆஸ்பத்திரிக்கு அலையும் நாட்களில்தான் இன்ஜினியர்களும் அவசரமாக ஃபைல் கேட்பார்கள். அதற்காக அவள் ஒரு வழி கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டரை அணைத்தாலும் சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் போட்டே வைத்திருந்தால், உள்ளேயிருக்கும் நெட்வொர்க் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். போனிலிருந்து வீட்டு ரவுட்டருக்குச் சொன்னால் அது அந்தக் கார்டுக்குத் தகவல் கொடுக்கும். கம்ப்யூட்டர் தானே ஆன் ஆகும். அப்புறம் போன் திரையிலேயே ஃபைலை எடுத்து அனுப்பிவிடலாம். முதல் தடவை பஸ்ஸில் உட்கார்ந்து அவள் அதைச் செய்தபோது அர்ச்சுனன், "ஆளில்லாத வூட்டுல அது பாட்டுக்கு முழிச்சிக்குதா? பேய் கணக்கா இருக்குது" என்று சிரித்தான்.

போன ஆனி மாதம் வேன் ஓட்டும்போதே அவனுக்கு இடது கை மரத்துப்போனது. நல்லவேளை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழி. இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போனார்கள். அங்கே புது ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "பழைய ஸ்கேன் எங்கே?" என்று கேட்டார்.

கலைமதி சேலத்து ரிப்போர்ட்டை நீட்டினாள்.

"இது போதாதும்மா, படத்தைப் பார்க்கணும். கட்டி அப்படியே இருந்தா மாத்திரையில சமாளிக்கலாம். வளர்ந்திருந்தா எடுத்தாகணும். படம் இல்லேன்னா மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். அடுத்த வாரம் யாருக்கு ஆபரேஷன்னு இன்னைக்குச் சாயங்காலம் முடிவு பண்றோம். அதுக்குள்ள கிடைக்குமா?"

சேலத்தில் கேட்டதற்கு, அவ்வளவு பழையதை வைத்திருப்பதில்லை என்றார்கள். அவர்கள் அப்போது கொடுத்த சிடி கீறல் விழுந்து எப்போதோ வீணாகியிருந்தது. ஆனால் அதற்கு முன்பே அவள் படங்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனை அழுத்தினாள். ரவுட்டரே கிடைக்கவில்லை. எதிர்வீட்டுப் பாஞ்சாலிக்குப் போன் போட்டாள்.

"காலையிலயே கரண்ட்டு போயிடுச்சு கண்ணு. மாசாமாசம் நிறுத்துவாங்கல்ல, இன்னைக்குத்தான். சாயங்காலம் வருமாம்."

"சாயங்காலம்னா எப்பக்கா?"

"அது அவுங்க இஷ்டம்."

கரண்ட் வந்தாலும் கலைமதிக்குப் பயம்தான். முழுசாக மின்சாரம் போய் வந்த பிறகு அந்தக் கம்ப்யூட்டர் சில சமயம் எழும், சில சமயம் எழாது. யுபிஎஸ் இருந்திருந்தால் அந்த வழியும் இல்லை; பேட்டரி தீர்ந்து அணைந்த யுபிஎஸ்ஸை யாராவது கையால் அமுக்கினால்தான் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகும். நல்லவேளையாக அது போன மாதமே கெட்டுப்போய், புது பேட்டரி வாங்கி வரவில்லையென்று அர்ச்சுனனைத் திட்டிக்கொண்டே கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் செருகியிருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவன் கண்ணயர்ந்திருந்தான். மடியில் கிடந்த அவனுடைய இடது கை விரல்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது பாஞ்சாலி கூப்பிட்டாள். "கண்ணு, ஃபேன் சுத்துது!"

ரவுட்டர் கிடைத்தது. அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள்.

"அக்கா, எங்க வூட்டு ஜன்னல்கிட்ட போய் நில்லுங்க. உள்ள சத்தம் ஏதாச்சும் வருதா?"

"பல்லிதான் கத்துது. பூட்ட உடைச்சிரட்டுமா? கல்லு எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

'உடைங்கக்கா' என்று சொல்ல வாயெடுத்தவள், அதற்குள் இன்னொரு முறை அழுத்தினாள்.

"இரு இரு," என்றாள் பாஞ்சாலி. "உள்ள உஸ்ஸுனு என்னமோ ஓடுது."

கொஞ்ச நேரத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரின் திரை அவள் கைக்குள் வந்தது. ஸ்கேன் படங்கள் அப்படியே இருந்தன. அனுப்பப்போன விரல் நின்றுவிட்டது. இதுவரை அது எழுந்தால் போதும் என்றிருந்தாள். அந்தப் படம் என்ன சொல்லப்போகிறது என்பது இப்போதுதான் உறைத்தது.

"வந்திருச்சா?" அர்ச்சுனன் விழித்திருந்தான்.

"வந்திருச்சுங்க மாமா."

"அப்புறம் என்ன யோசனை? அனுப்பு."

டாக்டரம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "வளர்ந்திருக்குதும்மா" என்றார். அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர் எழாமலே இருந்திருக்கக்கூடாதா என்று கலைமதிக்கு ஒரு கணம் தோன்றியது.

"மூணு மாசம் தள்ளியிருந்தா என்னாயிருக்கும் டாக்டர்?" என்று அர்ச்சுனன் கேட்டான்.

"படம் இல்லாம போயிருந்தா நீங்க பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வேன் ஓட்டிட்டே இருந்திருப்பீங்க."

அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்த அன்றைக்குத்தான் கலைமதி தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் வேனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அர்ச்சுனனின் இடது கைவிரல்கள் இன்னும் மெதுவாகத்தான் மடங்குகின்றன. இப்போது கலைமதிக்காக மனைகளுக்குப் போய் டேப் பிடித்து அளவு எடுத்து வருகிறான். அடுத்த ஸ்கேன் தை மாதம். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.