விழாத டீச்சர் விழுந்த கதை

என் அம்மா விழவில்லை; விழுந்தார் என்று ஒரு ஆஸ்பத்திரியே எழுதிவைத்தது. அம்மா கணக்கு டீச்சர். நான் எம்.ஏ. மாணவி, இப்போதைய உத்தியோகம், நோயாளிக்குத் துணை. கழுத்தில் அட்டெண்டர் பாஸ் மாட்டிய சக கைதிகளே, இந்த வேலைக்கு முதல் தகுதி வாயை மூடிக்கொண்டிருப்பது. எனக்கு அது கிடையாது.

மார்பும் தலையும்

ஒரு வாரமாகத் தலைவலி. பிறகு இடது கை தளர்ந்து டீ டம்ளர் நழுவியது. ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம். "யாவாக பித்ரு?" என்று கன்னடத்தில் கேட்டார் டியூட்டி டாக்டர். எப்போது விழுந்தார்களாம்! விழவேயில்லை என்று அம்மாவும் சொன்னார், நானும் சொன்னேன். மூன்று வருடம் முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்த ஃபைலை நீட்டினேன். புரட்டாமலே 'வீட்டில் விழுந்ததால்' என்று எழுதிய அந்த மேதை சொன்னார்: "அது மார்பு மா, இது தலை."

ரப்பர் விரிப்பு

ரத்தத்தை வடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹெப்பாள் ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, அப்பா பாத்ரூமிலிருந்து கட்டில்வரை வழுக்காத ரப்பர் விரிப்பு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். "அப்போ அம்மா பொய் சொல்றாங்களா?" என்று சண்டைக்குப் போனேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொன்னார்: "விழுந்த காயம்னா ஆறிடும்ல கண்ணு. விழுந்தாள்னே இருக்கட்டுமே."

படிக்கட்டு

பதினைந்தாம் நாள் ரத்தம் திரும்பி வந்தது. அதே வார்டு, அதே கேள்வி. டாக்டர், நர்ஸ், ஸ்கேன் எடுப்பவர், பார்க்க வந்த விஜயநகர் பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்று ஏழு பேர். ஏழாவது ஆளிடம் அம்மா சரணடைந்தார். எங்கள் வீட்டில் மாடியே கிடையாது. "படிக்கட்டுல விழுந்தேன்னு எழுதிக்கோங்க. எத்தனாவது படின்னும் வேணுமா?"

விடை

பெரிய சர்ஜன் அந்தப் பழைய ஃபைலைப் படிக்கும்வரை அவர் அறை வாசலைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி ரத்தம் வடித்த இந்த ஆபரேஷனில் மூளையைப் போர்த்திய உறையிலிருந்து துளி வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் அந்த உறைக்குப் பரவியிருந்தது. அங்கிருந்துதான் ரத்தம் கசிந்திருக்கிறது. வாதத்தில் ஜெயித்தேன். இப்படி ஒரு வெற்றி எந்த எதிரிக்கும் வேண்டாம்.

டியூட்டி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விடாமல் அவரை அம்மாவின் கட்டிலருகே இழுத்துவந்தேன். "ஸாரி டீச்சர், நீங்க விழல," என்று ஆரம்பித்து, வந்திருப்பது இன்னதென்றும் சொன்னார். பிறகு பழக்கதோஷம், சிகிச்சை பற்றி என் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். ஊரையே திட்டிய நானும், அம்மாவுக்குப் பதிலாகக் கேட்டே பழகியவள், குறித்துக்கொள்ள நோட்டை எடுத்தேன். தலைக்கட்டோடு அம்மா நிமிர்ந்தார்.

"விடை சரி. அடுத்த ஸ்டெப்பை அவகிட்ட இல்ல தம்பி, என்கிட்ட சொல்லுங்க."