கதைக்கும் பெட்டிக்கு ஓர் இடம்

போன கிழமை, தோப்பூரில் நெல் ஆலை வைத்திருக்கும் ஒருவர் தன் கணினியை என் கடைக்குக் கொண்டுவந்தார். ஆலைத் தராசு பழையது. எடையைக் கணினிக்குச் சொல்ல அதற்கு ஒன்பது ஊசி வைத்த சீரியல் போர்ட்தான் வேண்டும். கணினியிலோ அது கிடையாது. போர்ட் வைத்த அட்டையொன்றை உள்ளே செருகி லினக்ஸ் இயங்குதளத்தை ஓடவிட்டேன். ஒரு கேள்வியும் கேட்காமல் வேலை செய்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகிவிட்டது என்றால் நம்புவீர்களா?

அந்தக் கணினிக்குள் உமித்தூசு மணத்தது. என் முதல் வேலையில் திறந்த கணினிகளெல்லாம் உப்பும் துருவும் மணக்கும். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சாமான்களை எடுத்து அனுப்பும் சின்ன அலுவலகம் அது. ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, மூடினால் வேர்வை. அங்கே நான் ‘கம்ப்யூட்டர் தெரிந்த ஆள்’. உண்மையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவதுதான்.

அங்கே தொலைபேசி மேசையில் வேலை பார்த்தவர் பிலோமினா அக்கா. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. படியேறும் சத்தத்திலேயே ஆள் யாரென்று சொல்லிவிடுவார். பிந்திவரும் நாட்களில் நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிப் பார்த்திருக்கிறேன். அப்போதும், “வாங்கோ தம்பி, மணி ஒன்பதே கால்” என்பார்.

தொலைபேசியில் வந்த தகவலெல்லாம் மெல்ல மின்னஞ்சலுக்கு மாறியது. மனேஜர் கெட்ட மனிதரல்ல. ஆனால் திரையை வாசிக்க ஏலாத ஒருவரை அந்த மேசையில் எப்படி வைத்திருப்பது, மாதமுடிவோடு நிற்பாட்டத்தான் வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அக்காவிடம் நேரே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. நாங்கள் இருவரும் பேசாமல் திரிந்ததிலேயே அக்கா விளங்கிக்கொண்டார்.

அவர் அழவில்லை. பங்குச் சுவாமியாரிடம் போனார். சுவாமியார் வெளிநாட்டுச் சிநேகிதர் ஒருவருக்கு எழுதி, திரையில் உள்ளதைச் சத்தமாக வாசிக்கும் பெட்டியொன்றை எடுப்பித்தார். அதனோடு ஒத்துப்போகும் லினக்ஸ் என் நண்பனிடம் குறுந்தட்டில் இருந்தது. ஆனால் பெட்டியைச் செருகச் சீரியல் போர்ட் வேண்டும். கணினியில் இருந்த ஒன்றையும் மின்னஞ்சலுக்கான மோடம் பிடித்திருந்தது. கொழும்பில் சொல்லி ஓர் அட்டை வாங்கினோம்.

அட்டை உள்ளே இருப்பது லினக்ஸுக்குத் தெரிந்தது. அதன் போர்ட் எந்த முகவரியில் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. நாங்கள் அந்த முகவரியைத் தேடியெடுத்து, கட்டளையாக அடித்துச் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து திரையில் கண்டதை ஒவ்வொன்றாகச் சத்தம்போட்டு வாசித்து, ஒரு பழைய பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். பிறகு அதைப் பார்த்து அடித்தேன். பெட்டி வாய் திறக்கவில்லை. வயரை மாற்றினேன், அட்டையைக் கழற்றித் துடைத்து அதே இடத்தில் பூட்டினேன். மாதமுடிவுக்கு மூன்று நாள் இருந்தது.

மூன்றாம் நாளும் வாய்க்குள் முணுமுணுத்தபடி அடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“தம்பி, ஏன் எட்டு எண்டு சொல்லுறீங்கள்?”

தாளில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

“முந்தநாள் திரையைப் பாத்து வாசிக்கேக்க ‘பி’ எண்டுதானே சொன்னனீங்கள். பி, நாலு, சைபர், சைபர்.”

தாளைப் பார்த்தேன். அது ஆங்கில ‘பி’தான். என் கையெழுத்தில் அது எட்டுப் போலக் கிடந்தது. மூன்று நாளாக என் எழுத்தை எனக்கே வாசிக்கத் தெரியவில்லை. திருத்தி அடித்தேன். பெட்டி ஒருமுறை கரகரத்துவிட்டு, வெள்ளைக்கார ஆண் குரலில் கதைக்கத் தொடங்கியது. அக்கா அதன்மேல் கையை வைத்தார். கனநேரம் கையை எடுக்கவில்லை.

முதலில் வாசித்தது மூதூர் களஞ்சியக்காரரின் மின்னஞ்சல். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர் அவர். பெட்டி அந்தத் தமிழைக் கடித்துக் குதறியது. அக்கா கண்ணில் நீர்வரச் சிரித்தார். மூன்றாம்தரம் கேட்டதும் விளங்கிவிட்டது. உடனே தொலைபேசியை எடுத்து, சாமான் பின்னேரம்தான் வரும், லாஞ்சிப் படகை மறித்துவையுங்கள் என்று சொன்னார். மனேஜர் கதவடியில் நின்று முழுவதையும் கேட்டார். “அந்தாளைக் கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். மாதமுடிவுக் கதையை அதன்பிறகு அவர் எடுக்கவேயில்லை.

ஒவ்வொருமுறை கரண்ட் போய் வரும்போதும் கணினி எல்லாவற்றையும் மறந்துவிடும். கட்டளையைத் திரும்ப அடிக்க வேண்டும். ஒருநாள் நான் பிந்திப் போனேன். இரவு கரண்ட் போயிருந்தது. ஆனால் பெட்டி கதைத்துக்கொண்டிருந்தது. குருடர் பாடசாலையில் தட்டச்சுப் படித்தவர் அக்கா. ஒரு சத்தமும் வராத கணினியில், முழுக் கட்டளையையும் நினைவிலிருந்து அடித்திருக்கிறார். பிழைத்தால் திரும்ப அடிப்பாராம். பெட்டி கதைத்தால் சரியாம்.

அந்தக் கட்டளை தானாகவே ஓடும்படி எழுதிவைக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

“வேண்டாம் தம்பி. நீங்கள் ஒருநாள் வேறை வேலைக்குப் போயிடுவீங்கள். இது எனக்குத் தெரிஞ்சே இருக்கட்டும்.”

நான் போனேன்தான். அக்கா ஓய்வுபெறும் வரைக்கும் அந்த மேசையில் இருந்தார். அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு ஹோட்டலின் வாகனங்கள் நிற்கின்றன. பெட்டி எந்தப் பழைய இரும்போடு போனதோ தெரியாது. அந்த முகவரியைக் கையால் அடிக்கும் தேவையும் யாருக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். சல்லிக் கிராமத்துப் பக்கம் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். நான் அனுப்பியிருந்த செய்தியை அவரின் கைத்தொலைபேசி என் முன்னாலேயே வாசித்தது. பெண் குரல், பிழையில்லாத தமிழ். அக்கா தலையைச் சரித்துக் கேட்டார்.

“வடிவா வாசிக்குது தம்பி” என்றார். “சிரிக்கத்தான் ஒண்டுமில்லை.”