பழக்கடை வாசலில் விழுந்த குழி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டுக்கு அறுபதுகளில் நான்தான் ஓவர்சியர். குழி விழுந்தால் ஊரே பஸ்ஸைத் திட்டும். எனக்குச் சிரிப்பு வரும். பஸ் வருவதற்கு முன்பே தண்ணீர் தன் வேலையை முடித்திருக்கும். தேங்கிய தண்ணீர் தார் வெடிப்புக்குள் இறங்கி, சல்லிக்கு அடியில் இருக்கும் மண்ணைக் களியாக்கிவிட்டுக் காத்திருக்கும். அதன் மேல் சக்கரம் ஏறினால் தார் உடையாமல் என்ன செய்யும்?

தண்ணீரைத் தேக்கியவர்கள் கடைக்காரர்கள்தான். சாரல் தொடங்கியதும் சீசன் கடை போடுகிறவர்கள் முதல் வேலையாக மழைத்தண்ணீர் ஓடும் ரோட்டோர வாறுகாலை மண் போட்டு மூடுவார்கள். வாங்க வருகிறவர்கள் பள்ளத்தைத் தாண்டக் கூடாதாம்.

மங்குஸ்தான் பழம் விற்ற ஒரு பெண்ணின் கடை வாசலில்தான் இருப்பதிலேயே பெரிய குழி. மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த அவள் கணவர் வீட்டில் படுத்துக் கிடந்தார். சீசனில் சம்பாதித்துத்தான் அவரைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ்களோ பழத்தின் மேல் சேற்றை வாரி இறைத்தன. குழியில் அவள் மண் போட்டால், அடுத்த பஸ் அதையும் எடுத்து அவள் மேலேயே அடித்தது. ரோடு போடத் தெரியாத ஆள் என்று கடைத்தெருவில் வைத்து என்னை ஏசினாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே ஆள் வைத்து, அவளும் மூடியிருந்த வாறுகாலை வெட்டித் திறந்து, குழியில் சல்லி போட்டு இடித்தேன்.

தண்ணீர் ஓடியது, குழியும் அடங்கியது. ஆனால் பள்ளத்தைத் தாண்ட மனமில்லாத கூட்டம், வாறுகால் மூடியே கிடந்த எதிர்ப்பக்கக் கடைக்குப் போய்விட்டது.

“குழிய மூடிட்டிய, சரி. என் பொழப்பையும்லா சேத்து மூடிட்டிய” என்றாள்.

வாறுகாலுக்கு மேல் கல் பாவித் தர இலாகாவில் வழியில்லை. அதற்காக வாறுகாலை மூட விடமாட்டேன் என்றேன். அவள் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, கடையடைக்கும் பலகைகளில் இரண்டை எடுத்து வந்து குறுக்கே போட்டாள். மேலே ஏறி ஒரு குதி குதித்துப் பார்த்தாள். அன்றிலிருந்து பலகைக்குக் கீழே தண்ணீர் போனது, மேலே ஆட்கள் வந்தார்கள். இருட்டினால் பலகை கடைக்குத் திரும்பிவிடும். நான் மெச்சினேன், அவள் கண்டுகொள்ளவில்லை.

சாரல் ஓய்ந்ததும் கணவரைப் பஸ்ஸில் படுக்கவைத்துத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனாள். தென்காசி வரை நானும் அதே பஸ்ஸில் வந்தேன். கடை இருந்த இடம் நெருங்கியதும், அவள் தினமும் புலம்பக் கேட்டிருந்த குழியை நினைத்து அவர் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். இடுப்பு குலுங்கினால் உயிர் போய்விடும் அவருக்கு.

“கைய விடுங்க” என்றாள் அவள். “இங்கன குழி கெடையாது.”

அவர் கையை விட்டார். பஸ் அசங்காமல் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.