மாப்பிளையின்ரை மோட்டார் சைக்கிளை நான் மினுக்கின கதை

மோட்டார் சைக்கிளுக்கு மேலதிகமாப் பூட்டுற குரோமியச் சாமான்களைப் பற்றி என்னட்டை ஒருத்தரும் அபிப்பிராயம் கேக்கிறேல்லை. கிழவிக்கு என்ன தெரியும் எண்டு நினைக்கினம். கேளாட்டிலும் சொல்லுவன். கண்ணாடி பூட்டு, சரி, பின்னாலை வாறது தெரியும். கோன் பூட்டு, அடிக்கிற சத்தத்துக்குச் சந்தையாலை வாற மாடு விலகும். விளக்குக்கு மேலை தொப்பி எதுக்கு? விளக்குக்கு என்ன வெயில் சுடுகுதோ? பாக்கிறவன் வாயைப் பிளக்கவேணும் எண்டதுக்காகச் சாமான் பூட்டுறவனை எனக்குக் கண்ணிலையும் காட்டக்கூடாது.

உந்தக் கோவம் எனக்கு இருபத்தாறாம் வயதிலை வந்தது. ரண்டாம் உலகச் சண்டை தொடங்க முன்னம். எங்கடை வீடு சுன்னாகத்துக்குக் கிட்ட. வெங்காயமும் புகையிலையும் வைக்கிற குடும்பம். எனக்கு அதுக்கு முதலே ரண்டு சம்பந்தம் கிட்ட வந்து தட்டுப்பட்டுப் போச்சு. ஒண்டு சாதகம் பொருந்தேல்லை. மற்றது ஏனெண்டு இண்டைக்கும் தெரியாது. கோயிலுக்குப் போனாலும் சனம் என்ரை முகத்தைப் பாக்காது, கழுத்தைத்தான் பாக்கும். இந்த மூண்டாவதும் போனால் இவளுக்கு இனி இல்லை எண்டு அம்மா வாய்விட்டே சொல்லிப்போட்டா. எனக்கும் அந்தக் கலியாணம் வேணும்தான். ஏன் பொய் சொல்லுவான்?

மாப்பிளை உடுப்பிட்டிப் பக்கம். கொழும்பிலை கிளாக்கர். லீவிலை வந்தவர் தன்ரை மோட்டார் சைக்கிளிலை தனியா வந்து இறங்கினார். யன்னலுக்கை நிண்டு பாத்த எனக்கு முதல் தெரிஞ்சது மனிசன் இல்லை, மினுக்கம். விளக்கைச் சுத்தி வளையம், வளையத்துக்கு மேலை தொப்பி, கோன், கண்ணாடி, புகைக் குழாயின்ரை முனையிலை மீன்வால் மாதிரி ஒரு துண்டு. எல்லாம் சீமைக்குக் கடுதாசி போட்டு எடுப்பிச்சதாம். ஒவ்வொண்டாத் தொட்டுத் தொட்டு என்ரை தகப்பனாருக்குக் காட்டினார். நாங்கள் அவரை ஐயா எண்டு கூப்பிடுறது. ஐயா "ஓம் தம்பி, ஓம் தம்பி" எண்டு தலையாட்டிக்கொண்டு நிண்டார்.

தேத்தண்ணி குடிச்சாப் பிறகு சீதனக் காணியைப் பாக்க ரண்டு பேரும் தோட்டத்துப் பக்கம் நடந்து போட்டினம். சைக்கிள் முத்தத்திலை நிண்டது. எங்கடை ஒழுங்கைச் செம்மண் தூசி அந்த மினுக்கம் முழுக்கப் படிஞ்சு கிடந்தது.

"எடி பிள்ளை, வந்தவையின்ரை சாமானை உப்பிடி ஊத்தையா விடலாமே?" எண்டா அம்மா. "குத்துவிளக்கு மினுக்கிறமாதிரி ஒருக்கா மினுக்கிவிடு. பொம்பிளைக்குக் கைவேலை தெரியும் எண்டு அவருக்கும் விளங்கட்டும்."

எங்கடை வீட்டிலை மினுங்கிற சாமான் எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம்தான். பழப்புளி, சலிச்ச செங்கல் தூள், தேங்காய்த் தும்பு. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினன். என்ரை சீவியமே அந்த வளையத்திலைதான் இருக்கு எண்டமாதிரிப் போட்டு உரஞ்சினன். வளையம் முடிய தொப்பி, தொப்பி முடிய கோன். தண்ணியை ஊத்தினால் பளபளவெண்டு நிண்டுது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு.

பிறகு ஈரம் காயத் தொடங்கிச்சு. காயக் காய வளையம் நரைச்சுக்கொண்டு வந்துது. பூனை பிராண்டினமாதிரி எங்கை பாத்தாலும் கீறல். தொப்பியின்ரை விளிம்பிலை வெள்ளை போய் மஞ்சள் தெரிஞ்சுது. கோதாரி! முழுக்க ஒரே உலோகம் எண்டு நான் நினைச்சது, பித்தளைக்கு மேலை வெறும் பூச்சு. தேங்காயெண்ணெய் தடவினன். கொஞ்ச நேரம் மறைஞ்சு திரும்பவும் வந்துது. வயித்திலை புளியைக் கரைச்சது எண்டு சொல்லுவினம். எனக்குக் கையிலையும் புளி, வயித்திலையும் புளி.

"சந்தனத்தை அப்பிவிடுவம். பிள்ளையாருக்குப் பூசை வைச்சனாங்கள் எண்டு சொல்லுவம்" எண்டு அம்மா குசுகுசுத்தா.

"எத்தினை நாளைக்கணை அப்பி மறைக்கிறது?" எண்டன் நான்.

அதுக்குள்ளை வேலிக்கரையிலை ஐயாவின்ரை குரல் கேட்டுது. நான் உள்ளுக்கை ஓடி யன்னலுக்குப் பின்னாலை நிண்டன்.

மாப்பிளை விளக்குக்கு முன்னாலை குனிஞ்சார். கீறலிலை விரலை வைச்சு மெதுவா இழுத்தார். "ஆர் உந்த வேலையைச் செய்தது?" குரல் மாறிப்போச்சு. ஐயா விளக்கைப் பாத்தார், யன்னலைப் பாத்தார். அவருக்கு விளங்கியிட்டுது.

"நான்தான் தம்பி மினுக்கச் சொன்னனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டார்.

மாப்பிளை வாறார் எண்டு ஐயா அண்டைக்குப் புதுச் சால்வை போட்டிருந்தவர். சுவாமிக்கு முன்னாலை மட்டும்தான் அவர் சால்வையைத் தோளாலை இறக்கி இடுப்பிலை கட்டுவார். அந்த மனிசன் கையை நீட்டி ஐயாவின்ரை தோளிலையிருந்து அதை உருவினார். விளக்கிலை கிடந்த எண்ணெயையும் புளித் தண்ணியையும் அதாலை துடைச்சார். துடைச்சுப்போட்டு நிலத்திலை எறிஞ்சார். ஐயா ரண்டு கையாலையும் தன்ரை வெறும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நிண்டார்.

எனக்குப் பத்தி எரிஞ்சுது. பொம்பிளை வெளியாலை வரக்கூடாது, அது எனக்குத் தெரியும். வந்தன்.

"மினுக்கினது நான். பிழையும் என்ரைதான். அதுக்கு என்ரை ஐயாவின்ரை சால்வை உங்களுக்குத் துடைக்கிற துணியோ? எனக்கு உந்தக் கலியாணம் வேண்டாம்."

"வாயைப் பொத்தடி!" எண்டு அம்மா குழறினா.

மாப்பிளை சிரிச்சார். "இந்த வயதிலை இவ்வளவு வாய். இனி ஆர் வருவினம் எண்டு பாப்பம்."

அந்த மனிசன் சொன்னது பிழைக்கேல்லை. பிறகு ஒருத்தரும் வரேல்லை. அந்த நேரத்திலையே எனக்கு அது தெரிஞ்சுது.

அவர் ஏறி உதைச்சார். சைக்கிள் கிளம்பேல்லை. நாலுதரம், அஞ்சுதரம் உதைச்சார். வேர்த்து ஒழுகினார். அப்பத்தான் ஐயா, "பொறுங்கோ தம்பி, நான் தள்ளிவிடுறன்" எண்டுகொண்டு போய்க் குனிஞ்சு, பின்பக்கத்திலை ரண்டு கையையும் வைச்சார். வெறும் முதுகிலை விலா எலும்பு தெரிஞ்சுது. இன்னும் அந்த மனிசன் மனம் இரங்குவான் எண்டுதான் அவர் தள்ளப் போனவர். எனக்காகத்தான்.

"ஐயா! கையை எடுங்கோ!"

அவரை நான் அதட்டினது என்ரை சீவியத்திலை அந்த ஒருக்காத்தான். ஐயா திரும்பி என்னைப் பாத்தார். கையை எடுத்தால் எல்லாம் முடிஞ்சுது எண்டு அவருக்குத் தெரியும். கன நேரம் அப்பிடியே குனிஞ்சபடி நிண்டார். பிறகு கையை எடுத்துப்போட்டு நிமிந்தார்.